கல்லில் ஒட்டாத களிமண்: பாலிமர் க்ளே நகைக்கு ஓர் ஆரம்பப் பாடம்

பாலிமர் களிமண்ணில் ஒரு சிட்டிகை மண் கூடக் கிடையாது. பெயரை நம்பி, செய்து முடித்த தோடுகளை ஜன்னலோரம் காயவைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அது காயாது. காய்வதற்கு அதில் தண்ணீரே இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பிவிசி பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் குழைத்து, நிறமியும் நிரப்பியும் சேர்த்தால் கிடைப்பதுதான் பாலிமர் க்ளே. சூடு பட்டதும் அந்தத் துகள்கள் திரவத்தை உறிஞ்சி உப்புகின்றன. பக்கத்துத் துகளோடு கலந்து ஒரே உடம்பாகின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு பிசைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

கல்லின் கதை வேறு. அது பட வேண்டிய சூட்டையெல்லாம் பூமிக்குள்ளேயே பட்டு, இறுகி, யாரோ பட்டை தீட்டிய பிறகுதான் நம் கைக்கு வருகிறது. இனி அது வளையாது, ஒட்டாது, நமக்காக ஒரு மில்லிமீட்டர் கூட விட்டுக்கொடுக்காது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நகை செய்யப் போகிறோம். ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் நிறம் நாலைந்து துண்டு செய்வதற்குள் தானாகக் கைக்கு வந்துவிடும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டியவை பிடிப்பும் சூடும்.

எனக்கு இது தெரிந்ததே ஒரு பதக்கம் பாழானதால்தான். புலிக்கண் கல் ஒன்றை மெத்தென்ற களிமண்ணில் அழுத்திப் பதித்து, சுட்டு எடுத்து, தோழியிடம் கொடுத்தேன். கல் அசையவே இல்லை, ஆகவே ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் போட்டுக்கொண்டு போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது பதக்கத்தில் கல் இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று பளபளத்தது. கல்லின் மெருகு அப்படியே களிமண்ணில் அச்சாக விழுந்திருந்தது, ஆனால் ஒட்டிய அடையாளம் ஒரு புள்ளி கூட இல்லை. பாலிமர் க்ளே எதன்மேல் சுடப்படுகிறதோ அதன் முகத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளும். கல், கண்ணாடி, உலோகம் எதையும் தானாகப் பற்றிக்கொள்ளாது. ஆகவே கல்லைப் பிடித்துவைக்க வேண்டியது களிமண்ணின் வடிவம்.

இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கேட்டே குரூசே என்ற புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். அவருடைய மகள் சோஃபியை வீட்டில் ஃபீஃபி என்று கூப்பிடுவார்கள். பொம்மைத் தலைகளுக்காகத் தேடிய ஒரு பிளாஸ்டிக் கலவையை அவர் கைவினைக் களிமண்ணாக மாற்றினார். 1960களில் அது ஒரு பென்சில் நிறுவனத்தின் கைக்குப் போய் ஃபீமோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஃபீமோவில் இருக்கும் ‘ஃபீ’ அந்தச் செல்லப்பெயரின் மிச்சம். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்கல்ப்பி வந்தது. இன்று கடையில் வாங்கும் க்ளேக்களில் பலவும் இந்த இரண்டின் உறவுக்காரர்களே.

எந்தக் கல்லை எடுப்பது?

வைரம், மாணிக்கம், நீலம், மரகதம் நான்கையும் ரத்தினம் என்றும், மற்றவற்றை உபரத்தினம் அல்லது செமி பிரஷியஸ் என்றும் சொல்வது வியாபாரிகளின் வழக்கம். கல்லின் வேதியியலுக்கும் இந்தப் பிரிவினைக்கும் சம்பந்தமில்லை. ஊதா நிறச் செவ்வந்திக்கல் ஒரு காலத்தில் மாணிக்கத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் அது ஏராளமாகக் கிடைத்த பிறகு உபரத்தினப் பக்கம் வந்து சேர்ந்தது. கல் மாறவில்லை, வரத்து கூடியது, அவ்வளவுதான்.

நமக்கு அதன் மதிப்பை விடக் கடினம் முக்கியம். 1812இல் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் 1 முதல் 10 வரை எண்கள் உண்டு. எண் பெரிய கல் எண் சிறிய கல்லைக் கீறும். குவார்ட்ஸ் எனப்படும் ஸ்படிக இனம் 7இல் நிற்கிறது. செவ்வந்திக்கல், சிட்ரின், ரோஸ் குவார்ட்ஸ், அகேட், சூதுபவளம், ஜாஸ்பர், புலிக்கண் எல்லாமே இந்தக் குடும்பம். ஆரம்பிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் குடும்பத்துக்குள்ளேயே முதல் பத்து நகையைச் செய்யலாம். ஓவனின் சூட்டுக்கு அசையாது, கைதவறினாலும் சட்டென்று கீறல் விழாது, நிறத்துக்கும் பஞ்சமில்லை.

ஓவனுக்குள் அனுப்பவே கூடாது என்று நான் ஒதுக்கிவைத்திருப்பவை முத்து, பவளம், அம்பர், ஓபல், டர்க்காய்ஸ், மலகைட். முத்தும் பவளமும் உயிரினங்கள் கட்டியவை. அம்பர் என்பது கெட்டிப்பட்ட மரப்பிசின். மோஸ் அளவில் 2 அல்லது 2.5தான், சூட்டில் இளகும். ஓபலுக்குள் தண்ணீர் பொதிந்திருக்கிறது, அது வெளியேறினால் கல்லின் உடம்பெல்லாம் மயிரிழை போல விரிசல் ஓடும். இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. கல் உட்காரும் களிமண் கூட்டை முதலில் சுட்டுவிட்டு, ஆறிய பிறகு கல்லை உள்ளே வைத்து எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டினால் போதும். அப்படிச் செய்யும்போது கூட்டின் அளவு சரியாக வர, அதே அளவுள்ள ஒரு மலிவான அகேட்டையோ கண்ணாடிக் கல்லையோ சோளமாவு தடவி வைத்துச் சுட்டு, ஆறியதும் தட்டி எடுத்துவிடலாம். விளிம்பு கல்லின் மேல் மடங்கக் கூடாது, நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வராது.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்க்காய்ஸ் என்ற பெயரில் விற்பதில் நிறைய, ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியது. ‘கோல்ட்ஸ்டோன்’ என்று மினுமினுப்பதும், ‘ஓபலைட்’ என்று பால்நீலமாக இருப்பதும் கண்ணாடி. நகைக்கு அவை ஆகாதவை என்பதல்ல. கோல்ட்ஸ்டோன் எனக்கே பிடிக்கும். ஆனால் சாயக் கல் வெளிர்நிறக் களிமண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் எப்போது சாயம் இறங்குமோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அகற்றும் திரவம், நனைத்துக் கல்லின் அடிப்பக்கம் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் கல்லைத் தனியே எடுத்துவையுங்கள். அசிட்டோன் பட்ட கல்லைக் கழுவித் துடைக்காமல் களிமண் பக்கம் கொண்டுபோக வேண்டாம், சுடாத க்ளேயை அது கரைத்துவிடும்.

வடிவத்தில், முதல் வேலைக்கு மேல்பக்கம் குவிந்து அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் கல்தான் நல்லது. இதைக் கபோஷான் என்பார்கள். பட்டை தீட்டிய கல்லின் அடி கூம்பாக இருக்கும், அதைக் களிமண்ணில் நேராக உட்காரவைப்பது ஒரு தனி வித்தை. நீள்வட்டத்தில் 18 × 25 மி.மீ. என்பது எங்கும் கிடைக்கும் பொது அளவு. அதை வைத்தே மேலே சொல்கிறேன்.

நிறம்

கல்லை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். புலிக்கண் கல்லை எடுத்துக்கொண்டால் முதல் பார்வைக்குப் பழுப்பு. இன்னும் கொஞ்சம் பார்த்தால் தேன் நிறம், காப்பிக்கொட்டை நிறம், இரண்டுக்கும் நடுவே கல்லைத் திருப்பத் திருப்பக் கூடவே நகரும் ஒரு பொன்கோடு. கல்லுக்குள் இழை இழையாக இருக்கும் அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் ஜாலம் அது. இதற்குப் பக்கத்தில் தங்க நிறக் களிமண்ணை வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். வைத்தால் இரண்டும் சேர்ந்து மங்கிவிடும், அசல் மினுக்கும் போலி மினுக்கும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். மசிநீலத்தை வைத்துப் பாருங்கள், கல்லுக்குள் விளக்கு ஏற்றியது போல இருக்கும். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு. நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேரெதிரே இருப்பது நீலம்.

பாக்கெட்டில் வரும் நீலத்தை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரித் தெரியும். அதில் ஒரு மிளகு அளவு பழுப்பைச் சேர்த்துப் பிசைந்தால் அடங்கும். எதிர் நிறத்தைத் துளி சேர்த்து ஒரு நிறத்தை அடக்குவது எல்லா நிறத்துக்கும் பொருந்தும். சேர்க்கும்போது இருண்ட நிறத்தை வெளிர் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மாற்றிச் செய்தால் ஒரு துளி கறுப்பைச் சரிக்கட்ட ஒரு பாக்கெட் வெள்ளை போய்விடும். என் கணக்கு எப்போதும் மூன்று நிறம்தான்: கல்லுக்குள்ளேயே இருக்கும் ஒன்று, கல்லுக்கு எதிரான ஒன்று, சத்தமில்லாத ஒன்று. நாலாவது நிறம் உள்ளே வந்தால் கல் பின்னால் போய்விடுகிறது.

ஒரு நிறம் இன்னொரு நிறமாகப் படிப்படியாக மாறும் தகடு வேண்டுமானால் அதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. ஜூடித் ஸ்கின்னர் என்பவர் பரப்பியதால் ஸ்கின்னர் பிளெண்ட் என்றே பெயர். இரண்டு நிறத் தகடுகளையும் முக்கோணமாக வெட்டி, சாய்வான பக்கங்களைச் சேர்த்து ஒரு செவ்வகமாக்க வேண்டும். நீலம் நீலத்தின்மேல், பழுப்பு பழுப்பின்மேல் விழுகிற மாதிரி குறுக்கே மடித்து உருட்ட வேண்டும். மறுபடி அதே திசையில் மடித்து, அதே திசையில் உருட்ட வேண்டும். பத்து தடவையில் கோடுகோடாகக் கண்றாவியாக இருக்கும், இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இருபது, இருபத்தைந்தில் கோடுகள் கரைந்து விடியற்கால வானம் மாதிரி வந்து நிற்கும். ஒரு தடவை மடிப்பின் திசை மாறினாலும் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

பிசைதல்

பாக்கெட்டைப் பிரித்ததும் க்ளே கெட்டியாக, மடித்தால் ஓரம் வெடிப்பதாக இருக்கும். கைச்சூட்டில் பிசைந்து, உருட்டி, மடித்து, மறுபடி பிசைய வேண்டும். மடித்த முதுகில் விரிசல் விழாத வரை விடாதீர்கள். பிசையாத க்ளே சுட்ட பிறகு உடையும். நிறைய செய்பவர்கள் பாஸ்தா தகடு உருட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்துவார்கள். அப்படி எடுத்ததை மறுபடி சமையலுக்குக் கொடுக்கக் கூடாது, கத்தியும் உருளையும் கூட அப்படித்தான்.

வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியுங்கள். வெள்ளை க்ளே காற்றில் இருக்கும் தூசியை எல்லாம் வலியப் போய் வாங்கிக்கொள்ளும், அதிலும் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிசைந்தால் கதை முடிந்தது. வேலை செய்ய ஒரு பீங்கான் ஓடோ கண்ணாடியோ போதும். சுடாத க்ளேயை வார்னிஷ் அடித்த மேஜையிலும் சில வகைப் பிளாஸ்டிக் டப்பாக்களிலும் விட்டுவைத்தால் அந்தப் பிளாஸ்டிசைசர் அவற்றையும் இளக்கிவிடும். நான் ஒரு மேஜையின் மெருகில் என் கைவேலையை நிரந்தரமாகப் பதித்திருக்கிறேன். மிச்சத்தை மெழுகுத்தாளில் சுற்றிவைக்கலாம். சாதாரணத் தாளில் சுற்றினால் திரவம் தாளில் ஊறி க்ளே வறண்டுவிடும். க்ளே ரொம்பக் கொழகொழவென்று இருக்கும்போது இந்தக் குறையே உதவும். இரண்டு தாளுக்கு நடுவே தகடாக வைத்து ஒரு ராத்திரி விட்டால் வேலைக்கு ஏற்ற பதத்துக்கு வந்துவிடும்.

கல்லுக்குக் கூடு கட்டுவது

களிமண்ணை 3 மி.மீ. தடிமனில் தகடாக உருட்டுங்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு சட்டங்களை இருபுறமும் வைத்து அதன்மேல் உருளையை ஓட்டினால் எல்லா இடமும் ஒரே அளவாக வரும். கல்லைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து நடுவில் வையுங்கள். லேசாக அழுத்தினால் போதும். ஆழமாகப் புதைத்தால் கல் பாதி காணாமல் போய்விடும்.

அடுத்து 3 மி.மீ. கனத்தில் ஒரு கயிறு உருட்டி, கல்லைச் சுற்றி வளைத்து, நுனிகள் சந்திக்கும் இடத்தைச் சாய்வாக வெட்டிச் சேருங்கள். நேராக வெட்டிச் சேர்த்தால், சுடும்போது க்ளே மிகக் கொஞ்சம் சுருங்குவதால், விரிசல் விழுவது அந்த இணைப்பில்தான். இணைப்பைப் பதக்கத்தின் மேல்புறம், கொக்கி வரும் இடத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் கண்ணுக்கும் படாது.

இப்போது கயிற்றின் உள்விளிம்பைக் கல்லின் மேல் சாய்க்க வேண்டும். கபோஷான் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுவதால், அகன்ற இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் க்ளே மேலே படிந்துவிட்டால் கல்லுக்கு வெளியே வர வழி கிடையாது. ஓரிடத்தில் அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எதிரெதிராக அழுத்தி, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். இல்லாவிட்டால் கல் ஒரு பக்கமாகச் சரியும். தட்டை முனையுள்ள ஒரு மரக்குச்சியே போதும். கயிற்றின் வெளிப்பக்கத்தைத் தகட்டோடு இழுத்துத் தேய்த்து இணைத்துவிடுங்கள். அங்கே கோடு தெரிந்தால் அது பிறகு பிரியும் கோடு.

விளிம்பு வழுவழுவென்று இருந்தால் விரல்ரேகை முழுக்கத் தெரியும். அதை மறைக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, விளிம்பு முழுக்க ஊசி முனையால் நெருக்கமாகப் புள்ளிகள் குத்திவிடுவது. புள்ளி குத்தும்போதே க்ளே இன்னும் கொஞ்சம் கல்லோடு இறுகும், ஒரு வேலைக்கு இரண்டு பலன்.

பதக்கத்தைத் தொங்கவிடும் வளையத்தை மறந்துவிட்டு, சுட்ட பிறகு பசை போட்டு ஒட்டலாம் என்று நினைப்பவர்கள் பலர். கல்லுக்குச் சொன்னதுதான் கம்பிக்கும்: க்ளே கம்பியைப் பிடிக்காது. 0.8 மி.மீ. கம்பியை, அதாவது 20 கேஜ், ஒரு ஆணியைச் சுற்றி வளைத்து, இரண்டு கால்களையும் முறுக்கி, நுனியை மடக்கி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தகட்டின் பின்பக்கம் படுக்கவைத்து, அதன்மேல் இன்னொரு மெல்லிய தகட்டை மூடுங்கள். முறுக்கும் மடக்கும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று மாட்டாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தேய்த்துக்கொண்டே போகவும். மாட்டிய காற்று ஓவனில் கொப்புளமாக எழும்பும்.

ஓவன்

ஒவ்வொரு க்ளேக்கும் ஒரு சூடு உண்டு, அது பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். ஃபீமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஸ்கல்ப்பி ப்ரீமோவுக்கு 130 டிகிரி, 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம் என்ற கணக்கு. காட்டோ க்ளே 150 வரை கேட்கும். நம் பதக்கம் விளிம்போடு சேர்த்துப் பார்த்தால் 6 மி.மீ.யைத் தாண்டும், ஆகவே முக்கால் மணி நேரமாவது வைக்க வேண்டும். சூடு சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் நஷ்டமில்லை, உறுதிதான் கூடும். உடைந்து வரும் நகைகளில் பெரும்பாலானவை அரைவேக்காட்டில் எடுக்கப்பட்டவை.

சூடு சரியாக இருக்கிறதா என்பதில்தான் சிக்கல். ஓவனின் திருகு 130 என்று காட்டும், உள்ளே 150 இருக்கும். அதோடு கம்பிகள் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நூறு நிறத்தில் க்ளே வாங்கும் முன் ஓவனுக்குள் வைக்கும் ஒரு தனித் தெர்மாமீட்டரை வாங்கிவிடுங்கள். அதை நகை வைக்கும் இடத்திலேயே வைத்து, அரைமணி நேரம் காலி ஓவனை ஓடவிட்டுப் பாருங்கள். மைக்ரோவேவ் இதற்கு ஆகவே ஆகாது.

நகையைப் பீங்கான் ஓட்டின் மேல் ஒரு தாள் விரித்து வையுங்கள். தாள் இல்லாமல் ஓட்டில் நேராக வைத்தால், என் தோழியின் பதக்கக் குழி மாதிரியே, அடிப்பக்கத்தில் அங்கங்கே பளபளப்புத் திட்டுகள் விழும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல மடித்து மூடிவிட்டால் கம்பியின் நேரடிச் சூடு படாது, வெளிர் நிறங்கள் பழுக்காது. கல் இருப்பதால் இன்னும் ஒன்று: சூடேறிய ஓவனுக்குள் திடீரென்று தள்ளாமல், ஓவனோடு சேர்ந்து சூடேறவிடுங்கள். முடிந்ததும் அணைத்துவிட்டு, கதவை மூடிய மேனிக்கே ஆறவிடுங்கள். ஸ்படிக இனம் 130 டிகிரியைத் தாங்கும், அந்த 130இலிருந்து குளிர்ந்த தரைக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட நேரத்தைச் சூடு ஏறிய பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

பாக்கெட் சொன்னதை வெகுவாகத் தாண்டினால் பிவிசி சிதைந்து, மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். க்ளே கறுத்து நெடி அடித்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். நகை போனால் போகட்டும்.

சூடாக இருக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும், ஐயோ வேகவில்லை என்று தோன்றும். ஆறிய பிறகுதான் தீர்ப்பு. இதற்காகவே ஒவ்வொரு தடவையும் அதே க்ளேயில் ஒரு மெல்லிய பட்டையையும் கூடவே சுடுகிறேன். ஆறியதும் அதை வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும். படக்கென்று முறிந்தால் பதக்கமும் வேகவில்லை என்று அர்த்தம். மறுபடி ஓவனில் வைக்கலாம். ஒரே துண்டை எத்தனை தடவையும் சுடலாம் என்பது இந்தப் பொருளின் பெருந்தன்மை.

மெருகு

ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் விட்டு, 400ஆம் எண் தாளில் ஆரம்பித்து 600, 800, 1000 என்று ஏறுங்கள். தண்ணீர் விட்டால் தூள் பறக்காது, மூச்சில் போகாது. 1000க்குப் பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்தாலே பட்டு மாதிரி ஒரு மினுக்கம் வரும், எனக்கு அதுவே போதும். தேய்ப்பதற்கு முன் கல்லின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கல் 7 கடினம் என்ற தெம்பில் நான் விட்டுவிட்டேன். இந்த உப்புத்தாளில் இருக்கும் சிலிகான் கார்பைடு கிட்டத்தட்ட 9. கல்லின் மெருகு இரண்டே இழுப்பில் மங்கிப்போனது.

நகப்பூச்சை வார்னிஷாகப் பூசாதீர்கள். அன்றைக்கு அழகாக இருக்கும், நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், பிறகு கழுவினாலும் போகாது. சில ஸ்பிரே வார்னிஷ்களும் இப்படித்தான். பாலிமர் க்ளேக்கென்றே இருக்கும் நீர் வார்னிஷை மட்டும் நம்பலாம்.

மணிகளும் கொக்கிகளும்

துளையிட்ட கல்மணி இருந்தால் பிடிப்புப் பிரச்சினை பாதி தீர்ந்தது, துளைக்குள் போகும் கம்பியே பிடித்துக்கொள்ளும். கம்பியை வாங்குவதற்கு முன் துளையைப் பாருங்கள். பல கல்மணிகளில் துளை 1 மி.மீ.க்கும் குறைவு, முத்தில் அதைவிடக் குறுகல். முத்துக்கு 24 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டர். மற்றவற்றுக்கு 22 கேஜ், 0.64 மி.மீ. க்ளே மணிகளை நீங்களே செய்யும்போது, சுடுவதற்கு முன் ஊசியைத் திருகிக்கொண்டே பாதி வரை குத்தி, மறுபக்கத்திலிருந்து மீதியைக் குத்துங்கள். ஒரே பக்கத்திலிருந்து குத்தினால் வெளியே வரும் இடம் உதடு பிதுங்கி நிற்கும்.

காதணிக்கு எடை பார்க்க வேண்டும். ஸ்படிகக் கல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், ஆகவே பெரிய கல்லைப் பதக்கத்துக்கு வைத்துக்கொண்டு, காதுக்குச் சின்ன மணியும் பெரிய க்ளேயுமாக மாற்றிப் போடுங்கள். காதில் போகும் கொக்கி நிக்கல் கலந்த மலிவுச் சரக்காக இருந்தால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதுமடல் சிவந்து அரிக்கும். டைட்டானியமோ நியோபியமோ இருந்தால் அந்தக் கவலை இல்லை.

யாருக்காவது கொடுப்பதற்கு முன் பதக்கத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். டிக் என்று சத்தம் வந்தால் கல் கூட்டுக்குள் ஆடுகிறது. விழாது, ஆனால் ஆட ஆட விளிம்பு தேயும். இரண்டு பாகமாக வரும் எப்பாக்ஸியைக் கலந்து, ஊசி முனையில் எடுத்து, கல்லும் விளிம்பும் சந்திக்கும் இடத்தில் விட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். சூப்பர் குளூ அவசரத்துக்கு ஒட்டும், ஆனால் அதிர்ச்சி தாங்காது, கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படலமும் கட்டும்.

தோழியின் பதக்கத்தில் இருந்து விழுந்த கல் இரண்டு நாள் கழித்து அவள் கைப்பையின் அடியில் கிடைத்தது. குழியையும் ஓரத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, திரவ க்ளே தடவி, கல்லை வைத்து, சுற்றிப் புதிதாக ஒரு விளிம்பு கட்டி மறுபடி சுட்டேன். பழைய நீலத்தின் கலவை அளவை எழுதிவைக்காததால் புதிய நீலம் ஒரு சாயல் இருண்டுபோனது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு நீலத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு தெரியும். கல் இன்னும் அதில்தான் இருக்கிறது.